புதுப்பிப்பு: அரூபாவில் ஏடிவி பயணம் போய்வந்தோம்
கரீபியன் தீவான அரூபாவின் வடகரையில் வழிகாட்டியுடன் செல்லும் ஏடிவி (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் சிறு நான்கு சக்கர வண்டி) பயணத்துக்கு, முதுகுவலி உள்ள என் கணவரையும் அழைத்துப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், போய்வந்துவிட்டோம். கலிபோர்னியா கலங்கரை விளக்கத்திலிருந்து ஆல்டோ விஸ்டா சிற்றாலயம் வழியாகப் புஷிரிபானா தங்க ஆலையின் இடிபாடுகள் வரை நாங்கள் சென்ற தடம் பெரும்பாலும் கரடுமுரடான பாறை என்பதால், முதுகுவலி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் பாதியிலேயே உடன்வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஓயாத கிழக்குக் காற்றில் முன்னே செல்லும் வண்டியின் புழுதி முகத்தில் அறைந்து, பற்களுக்கிடையே மணல் நறநறத்தது. கண்ணில் புழுதி படாமல் காக்கும் கண்ணாடியும் மூக்கை மூடத் துணியும் அவசியம் கொண்டுசெல்லுங்கள். கடலரிப்பால் உருவான பாறை வளைவான பெரிய இயற்கைப் பாலம் 2005இலேயே இடிந்துவிட்டது, அருகிலுள்ள சிறியதைத்தான் காட்டுகிறார்கள். மழை குறைந்த அந்தத் தீவில் சக்கரத்தில் நசுங்கிய செடி மீண்டும் தழைக்க நெடுங்காலம் ஆகும். ஆகவே வழிகாட்டியின் தடத்தை விட்டு மணல்மேடுகளில் தயவுசெய்து வண்டியை ஏற்றாதீர்கள்.