புதுப்பிப்பு: ஸ்பேட் சிப்பில் ஒளிர்வு ஆயுள் குறைவாக வந்த கதை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: ஸ்பேட் (SPAD) எனப்படும், ஒற்றை ஃபோட்டானை (ஒளித்துகளை) எண்ணும் சிலிக்கான் சிப்பில் ஃப்ளூரசின் என்ற ஒளிரும் சாயத்தின் கரைசலை அளந்தால், 4 நானோநொடி வரவேண்டிய ஒளிர்வு ஆயுள் (லேசர் பட்டபின் சாயம் ஒளியை உமிழச் சராசரியாக எடுக்கும் நேரம்) 3.4 தான் வருகிறது, சிப் பழுதா என்று. பழுதில்லை. அவசரப்பட்டது நான்தான்.

சீக்கிரம் முடிக்கலாமே என்று லேசரைக் கூட்டி வைத்திருந்தேன். 100 லேசர் துடிப்புக்குச் சுமார் 45 முறை சிப்பின் ஒரு பிக்சல் சொடுக்கியது, அதாவது ஃபோட்டான் வந்ததாகப் பதிந்தது. ஒரு துடிப்பில் முதலில் வந்து சேரும் ஃபோட்டானின் நேரத்தை மட்டும்தான் இந்த பிக்சல் குறித்துக்கொள்ளும். பின்னால் வருபவை கணக்கிலேயே ஏறாது. வெளிச்சம் கூடினால் முந்தி வருபவையே பதிவாகும், எந்த நேரத்தில் எத்தனை ஃபோட்டான் வந்தது என்று காட்டும் வளைவு வேகமாகச் சரியும், ஆயுள் குறைந்ததுபோல் தெரியும். "முதலில் வெளிச்சத்தைக் குறை" என்று இரண்டு பேர் அன்றே சொன்னீர்கள். கேட்டிருக்கலாம்.

ஒளியைத் தணிக்கும் வடிகட்டி போட்டு, 100 துடிப்புக்கு 2 சொடுக்குக்குக் கீழே இறக்கினேன். 4.0 வந்துவிட்டது.

அப்புறம் அடுத்த தலைவலி. சில பிக்சல்கள் 6, 7 என்று காட்டின. லேசரை அணைத்து, மூடி போட்டு எண்ணிப் பார்த்தால் அவை இருட்டிலும் படபடவென்று சொடுக்குகின்றன. இந்த இருட்டு எண்ணிக்கை நேரம் முழுக்கச் சமமாகப் பரவுவதால் சராசரி நேரத்தைத் தள்ளிப்போட்டு ஆயுளைக் கூட்டிக் காட்டுகிறது. ஒளி அதிகமாக இருந்தபோது அது கண்ணில் படவில்லை. அந்த பிக்சல்களை ஒதுக்கிவிட்டேன். சிப்பைக் குளிர்வித்தால் எத்தனை திரும்பக் கிடைக்கும் என்று அடுத்து பார்க்கப்போகிறேன்.