அமெரிக்கா வந்ததும் முதலில் கேளுங்கள்: உங்கள் மாநிலத்தில் அரசுக் காப்பீட்டுக்கு என்ன பெயர்?

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு அக்காவாக இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, லைசென்ஸ் எடுப்பது, இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதற்கெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால், வேலை போனால், வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் யாரிடம் போவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, கேட்க நமக்கும் கூச்சம். நான் 2011-இல் நியூ ஜெர்சிக்கு வந்தேன். வந்த மூன்றாவது வாரம் நள்ளிரவில் என் மகனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்துவிட்டது. கணவரின் அலுவலகக் காப்பீட்டில் எங்கள் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நாலு மணி நேரம் இருந்தோம், பையன் தேறிவிட்டான், அடுத்த மாதம் பில் வந்தது. பதினான்கு மாதம் தவணை கட்டினோம். பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்’ என்று இருந்ததை எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் படித்தேன். அந்த வலி இன்னொருவருக்கு வரக்கூடாது.

முதல் சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடு 1965-இல் வந்தது. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன, நடத்துவது மாநிலம், அதனால் ஆளுக்கொரு பெயர். கலிபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், வாஷிங்டனில் ஆப்பிள் ஹெல்த், டென்னசியில் டென்கேர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், கனெக்டிகட்டில் ஹஸ்கி, எங்கள் ஊரில் ஃபேமிலிகேர். சியாட்டில் பக்கம் இருக்கும் ஒரு தங்கை ஆப்பிள் ஹெல்த் கடிதத்தை ஏதோ போன் கம்பெனி விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தாள். ஆகவே உங்கள் மாநிலத்தில் மெடிகெய்டுக்கு என்ன பெயர், குழந்தைகள் காப்பீட்டுக்கு என்ன பெயர், தனியார் பாலிசியை மானியத்தோடு வாங்கும் சந்தைக்கு (மார்க்கெட்பிளேஸ்) என்ன பெயர் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். சந்தை பல மாநிலங்களில் ஹெல்த்கேர் டாட் காவ் தான். கலிபோர்னியாவில் கவர்ட் கலிபோர்னியா, பென்சில்வேனியாவில் பென்னி, மினசோட்டாவில் எம்என்ஷ்யூர், ஜார்ஜியாவில் ஜார்ஜியா ஆக்சஸ். தேடும்போது அரசு இணையதளம்தானா என்று பாருங்கள், அதே மாதிரி பெயர் வைத்துக்கொண்டு உங்கள் போன் நம்பரை விற்பவர்கள் நிறைய.

சரி, யாருக்குக் கிடைக்கும்? பெரியவர்களுக்கு மெடிகெய்ட் கிடைப்பது கஷ்டம். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருக்கும் பெரியவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கினாலும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குமேல் மாநிலமும் குறுக்கே நிற்கும்: 2010-இல் வந்த சட்டத்தின்படி வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான மாநிலங்கள் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, டென்னசி போன்றவை அந்த விரிவாக்கத்தை முழுதாக ஏற்கவில்லை. நம் ஆட்கள் குவிந்திருக்கும் டாலஸும் அட்லாண்டாவும் அந்த மாநிலங்களில்தான் இருக்கின்றன.

குழந்தைகள் விஷயம் வேறு, இதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். சட்டப்படி தங்கியிருக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த 5 ஆண்டுக் காத்திருப்பு இல்லாமலே கொடுக்க 2009 முதல் மாநிலங்களுக்கு வழி இருக்கிறது, பல மாநிலங்கள் கொடுக்கின்றன. வருமான வரம்பும் நாம் நினைப்பதைவிட மிக அதிகம். நியூ ஜெர்சியில் குழந்தைகளுக்கு வறுமைக்கோட்டின் 355 சதவீதம் வரை, அதாவது 2025 கணக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு சுமார் 1,14,000 டாலர் வரை. ஒரே சம்பளத்தில் ஓடும் எத்தனையோ ஐ.டி. குடும்பங்கள் இதற்குள் வரும். 2023 முதல் இங்கே 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விசா நிலையைக்கூடப் பார்ப்பதில்லை. நியூயார்க்கில் சைல்ட் ஹெல்த் பிளஸும் அப்படித்தான், வருமானம் கூடுதலாக இருந்தால் முழு பிரீமியம் கட்டியும் சேரலாம். டெக்சாஸில் மெடிகெய்ட் கிடைக்காத கர்ப்பிணிகளுக்கு சிப் பெரினேட்டல் என்று ஒன்று இருக்கிறது, வயிற்றில் இருக்கும் குழந்தையின் பெயரில் பரிசோதனையும் பிரசவமும் பார்த்துக்கொள்வார்கள். இங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன். அந்தக் குழந்தைக்காக விண்ணப்பிக்கும்போது, தனக்காகக் கேட்காத அப்பா அம்மாவின் விசா விவரத்தையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ‘கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா அக்கா?’ என்றுதான். 2022-ஆம் ஆண்டு விதிப்படி, அரசு கொடுக்கும் ரொக்க உதவியும் அரசு செலவில் நீண்டகாலம் பராமரிப்பு இல்லத்தில் இருப்பதும்தான் கணக்கில் வரும். சாதாரண மெடிகெய்ட் வராது, பிள்ளை வாங்கியது பெற்றோர் கணக்கில் ஏறாது. ஆனால் அந்த விதியை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு முன்மொழிந்தது. ஆகவே உங்களுக்கென்று எதையும் வாங்குமுன் அன்றைய நிலவரத்தைக் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள். பயந்துகொண்டு இங்கே பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன்.

அடுத்து வேலை. லே-ஆஃப் ஆனால் மூன்று கடிகாரங்கள் ஓடும், மூன்றுக்கும் 60 நாள்தான், ஆனால் ஒரே நாளில் தொடங்காது. எச்-1பி-யில் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள், இது வேலை முடிந்த நாளிலிருந்து. மார்க்கெட்பிளேஸில் புது பாலிசி எடுக்க 60 நாள், இது காப்பீடு முடிந்த நாளிலிருந்து. சில கம்பெனிகளில் காப்பீடு மாதக் கடைசி வரை ஓடும், சிலதில் வேலையோடு அன்றே நின்றுவிடும், எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது கோப்ரா, பழைய அலுவலகக் காப்பீட்டையே முழுப் பணத்தையும் நாமே கட்டி 18 மாதம் வரை தொடர்வது. 20 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் கம்பெனி தந்தாக வேண்டும். பிரீமியத்தைப் பார்த்ததும் மயக்கம் வரும், உடனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தேர்ந்தெடுக்க 60 நாள் இருக்கிறது, அதன்பின் முதல் தவணைக்கு 45 நாள், காப்பீடோ பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். அதாவது ஐம்பதாவது நாளில் குடல்வால் வெடித்தாலும் அன்று கோப்ரா எடுத்து, விட்ட மாதங்களின் பணத்தைக் கட்டிவிட்டால் போதும். நாட்டுக்குள் புதிதாக வந்து குடியேறியவர்களுக்கும் மார்க்கெட்பிளேஸில் 60 நாள் ஜன்னல் உண்டு, நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டாம். அலுவலகக் காப்பீட்டில் குடும்பத்தைச் சேர்க்கவும், புதிதாகப் பிறந்த குழந்தையைச் சேர்க்கவும் பெரும்பாலான இடங்களில் 30 நாள்தான், நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான்.

மானியத்தைப் பற்றி ஒன்று. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2027 ஜனவரி முதல் மார்க்கெட்பிளேஸ் வரிச் சலுகை எச்-1பி போன்ற விசாக்காரர்களுக்குக் கிடையாது. அதே சட்டப்படி அகதிகளுக்கும் தஞ்சம் பெற்றவர்களுக்கும் மெடிகெய்ட் 2026 அக்டோபரில் முடிகிறது, நம் ஈழத்துச் சொந்தங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘காப்பீடே வேண்டாம்’ என்று இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் அதற்கு வரியோடு அபராதம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காப்பீடு இல்லாத நேரத்தில் ஏதாவது ஆனால்? 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு உங்களைப் பரிசோதித்து ஆபத்து நீங்கும்வரை பார்க்க வேண்டும், பணம் கேட்டு வாசலில் நிறுத்தக்கூடாது. லாப நோக்கமற்ற மருத்துவமனை ஒவ்வொன்றும் நிதி உதவிக் கொள்கையை எழுதி வைத்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். பில் வந்ததும் கட்டாதீர்கள். முதலில் ஐட்டம் வாரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள், அடுத்து இந்த விண்ணப்பத்தைக் கேளுங்கள். நியூ ஜெர்சியில் இதன் பெயர் சாரிட்டி கேர்: வறுமைக்கோட்டின் 200 சதவீதம் வரை இலவசம், 300 வரை சலுகை. டெக்சாஸில் மாநிலத்தைவிட கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முக்கியம். டாலஸ் கவுண்ட்டியில் பார்க்லேண்ட், ஹூஸ்டனில் ஹாரிஸ் ஹெல்த் என்று கவுண்ட்டி மருத்துவமனைகள் தங்கள் பகுதி மக்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. இர்விங்கில் இருப்பவர் டாலஸ் கவுண்ட்டி, ஃப்ரிஸ்கோவில் இருப்பவர் காலின் அல்லது டென்டன் கவுண்ட்டி, இருவருக்கும் ஒரே பதில் வராது. சாதாரண சளி, சர்க்கரை, பிரஷருக்கு கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்கள் நாடு முழுதும் இருக்கின்றன, வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள்.

அம்மா அப்பா கூட இருந்தால் இன்னொன்று. மத்திய அரசின் பணம் வாங்கும் மருத்துவமனை இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். ‘டமில் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்’ என்று சொன்னால் போதும், போனிலாவது ஒருவர் தமிழில் வருவார். அம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையைப் பத்து வயதுப் பேரன் டாக்டருக்குச் சொல்ல வேண்டிய நிலை வேண்டாம். பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்கித் தந்தால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தானாக வரும் என்று நினைப்பதும் தவறு. 65 வயதும் 5 ஆண்டுத் தொடர் வசிப்பும் ஆனபின்தான் பணம் கட்டிச் சேர முடியும். அவர்கள் மெடிகெய்ட் கேட்டால், ‘இவர்களை நான் பார்த்துக்கொள்வேன்’ என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஐ-864 படிவத்தால் உங்கள் வருமானமும் அவர்கள் கணக்கில் சேரலாம்.

இப்போது வக்கீல். கிரிமினல் வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைக்கும், 1963-லிருந்து அப்படி. வாடகை, சம்பளம், விவாகரத்து, குடியேற்ற நீதிமன்றம் இவற்றுக்கு அப்படிப் பொதுவான உரிமை கிடையாது. அந்த இடத்தில்தான் லீகல் எய்ட் வருகிறது. 1974-இல் தொடங்கிய லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் ஒவ்வொரு மாநிலத்திலும் அமைப்புகளுக்குப் பணம் தருகிறது, வருமான வரம்பு பொதுவாக வறுமைக்கோட்டின் 125 சதவீதம். இங்கேயும் கவுண்ட்டிதான்: ஜான்ஸ் க்ரீக்கில் இருந்தால் அட்லாண்டா லீகல் எய்ட், பக்கத்திலிருக்கும் கம்மிங்கில் இருந்தால் ஜார்ஜியா லீகல் சர்வீசஸ். யாரும் சொல்லாத ஒரு விஷயம், இந்தப் பணம் வாங்கும் அமைப்புகள் கிரீன் கார்டு உள்ளவர், அகதி போன்ற சில வகையினருக்கு மட்டுமே வழக்கு எடுக்க முடியும். எச்-1பி, எஃப்-1 என்றால் மறுத்துவிடுவார்கள். மனம் உடையாதீர்கள், ‘இந்த நிதி வாங்காத அமைப்பு எது?’ என்று அவர்களிடமே கேளுங்கள். சான் ஹோசேயில் ஏஷியன் லா அலையன்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் ஏஷியன் லா காகஸ் அப்படிப்பட்டவை. சட்டக் கல்லூரிகளின் கிளினிக்குகளையும் பாருங்கள். லாஹெல்ப் டாட் ஆர்க் தளத்தில் மாநிலத்தைத் தட்டினால் பட்டியல் வரும்.

வக்கீலே தேவைப்படாத விஷயங்களும் உண்டு. வீட்டு அட்வான்ஸ் திரும்ப வர நியூயார்க்கில் 14 நாள், கலிபோர்னியாவில் 21 நாள், நியூ ஜெர்சியில் 30 நாள், டெக்சாஸிலும் 30 நாள், ஆனால் டெக்சாஸில் புது முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் அநியாயமாகப் பிடித்து வைத்தால் இரண்டு மடங்கு கேட்கலாம், ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு தொகை வழக்கு நீதிமன்றத்தில் நீங்களே வாதாடலாம். கன்சல்டன்சி புராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளம் தரவில்லையா, எச்-1பி-யில் அது சட்டவிரோதம், தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் அவர் பிரிவில் டபிள்யூஎச்-4 படிவத்தில் 12 மாதத்துக்குள் இலவசமாகப் புகார் கொடுங்கள். தஞ்சம் கேட்பவர்கள் கதை வேறு, வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடியேற்ற நீதிமன்றத்தின் இலவச வக்கீல் பட்டியலை வாங்குங்கள், ‘நோட்டரி’ என்று போர்டு வைத்துப் படிவம் நிரப்பித் தருபவரிடம் போகாதீர்கள்.

கடைசியாக, வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டு ‘எச்-4 விசா, எங்கே போவேன்’ என்று இருக்கும் தங்கைக்கு. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மேலே சொன்ன விசாக் கட்டுப்பாடு இல்லை, லீகல் எய்ட் உங்களுக்கு வழக்கு எடுக்கலாம். நியூ ஜெர்சியில் மானவி, நியூயார்க்கில் சகி, கலிபோர்னியா வளைகுடாப் பகுதியில் மைத்ரியும் நாரிகாவும், சிகாகோவில் அப்னா கர், ஹூஸ்டனில் தயா, அட்லாண்டாவில் ரக்‌ஷா என்று தெற்காசியப் பெண்களுக்கென்றே அமைப்புகள் இருக்கின்றன, நம் வீட்டுச் சூழலை ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டியதில்லை. எந்த ஊரிலிருந்தும் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233-ஐக் கூப்பிடலாம். பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்), குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் போட்டோவைக் கணவருக்குத் தெரியாத ஒரு ஈமெயிலுக்கு இன்றே அனுப்பி வை.

எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் போனில் உதவிகளுக்கு வழிகாட்டும் எண்ணான 211 அழுத்தி, ஜிப் கோடைச் சொல்லி, ‘ஹெல்த் இன்ஷூரன்ஸ்’ அல்லது ‘லீகல் எய்ட்’ என்று கேளுங்கள். கீழே கேள்வி கேட்பவர்கள் மாநிலம், கவுண்ட்டி, விசா வகை, பிள்ளைகளின் வயது, வேலை முடிந்த தேதி இவ்வளவும் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர், பாஸ்போர்ட் எண், ரசீது எண் எதையும் போடாதீர்கள்.