கப்பலில் தனியாகப் போகிறேன்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு யார்கூட உட்காருவது?

பாப்பாரப்பட்டி நர்சம்மா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஊர் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. கிராம சுகாதார செவிலியரா 31 வருஷம் வேலை பார்த்துட்டுப் போன வருஷம் ரிட்டயர் ஆனேன். வீட்டுக்காரர் தவறி மூணு வருஷம் ஆகுது. மகள் பெங்களூர்ல இருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்னு, சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துட்டுத் திரும்புற நாலு ராத்திரி கப்பல் பயணத்துக்குப் பதிவு பண்ணியிருந்தா. இப்ப அவளுக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. கட்டின பணம் திரும்பி வராது. "நீ மட்டும் போய்ட்டு வாம்மா, சிங்கப்பூர்ல என் சிநேகிதி உன்னை ஏத்தி விடுவா"ங்கறா.

கடலுக்குப் பயமில்லைங்க. ஒகேனக்கல் பரிசல்ல எத்தனையோ தடவை போனவ நான். எனக்குப் பயம் அந்தச் சாப்பாட்டு மேஜைதான்.

இந்த 60 வயசு வரைக்கும் ஒரு ஓட்டல்லயும் தனியா உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. டூட்டிக்குப் போனா டிபன் பாக்ஸ். இல்லைன்னா ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில உட்கார வெச்சு களி உருண்டையும் கீரைக் குழம்பும் குடுத்துடுவாங்க. வெளியூர் போனா அவர்தான் சொல்லுவார், நான் சாப்பிடுவேன். அவர் போனப்புறம் கல்யாண வீட்ல கூட கடைசிப் பந்தியில ஓரமா உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துடறேன். யாரும் அப்படிச் சொல்லலை, நானாத்தான் ஒதுங்கிக்கிட்டேன். வீட்ல நின்னுக்கிட்டே சாப்பிடற பழக்கம் வந்துடுச்சு.

கப்பல்காரங்க அனுப்பின படிவத்துல ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதல் பந்தியா, ரெண்டாவது பந்தியா, இல்ல நினைச்ச நேரத்துக்கு வர்றீங்களான்னு கேட்டிருக்கு. பெரிய மேஜையா சின்ன மேஜையான்னும் கேட்டிருக்கு. எதைப் போடணும்? தனி ஆளைத் தனியாவே உட்கார வெச்சுடுவாங்களா? தெரியாதவங்களோட உட்கார வெச்சா நான் என்ன பேசறது? இங்கிலீஷ் படிப்பேன், எழுதுவேன், பேச்சுல தடுமாறுவேன். சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன். போனவங்க யாராவது இருந்தா மறைக்காம சொல்லுங்க.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:

தங்கச்சின்னே கூப்பிடறேன், எனக்கு 66. நானும் உங்களை மாதிரி ஒண்டியாத்தான் போனேன், ரெண்டு தடவை. முதல் தடவை நான் செஞ்சதை நீங்க செய்யக்கூடாதுங்கறதுக்காகவே இதை நீளமா எழுதறேன்.

2022-ல சென்னைத் துறைமுகத்துல இருந்து உல்லாசக் கப்பல் விட ஆரம்பிச்சாங்க இல்லையா, அந்த வருஷம் மாங்காய் சீசன் முடிஞ்ச கையோட ரெண்டு ராத்திரிப் பயணம் போனேன். கப்பல்ல எல்லாமே நல்லா இருந்துச்சு. நான்தான் தட்டுல ரெண்டு இட்லியை வெச்சுக்கிட்டு, ஜன்னலோரமா முதுகைக் காட்டி உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு ரூமுக்கு ஓடினேன். ராத்திரிச் சாப்பாட்டையும் ரூமுக்கே வரவழைச்சுக்கிட்டேன். ரெண்டு நாள்ல நான் பேசினது ரூம் சுத்தம் பண்ண வந்த பையன்கிட்ட மட்டும். வீட்டுக்கு வந்து மகன் "எப்படிம்மா இருந்துச்சு"ன்னு கேட்டப்ப சொல்ல ஒண்ணுமே இல்லை. அன்னிக்கு அழுதேன்.

ரெண்டாவது தடவை 2024-ல, உங்களுக்கு வந்திருக்கிற அதே சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் வழி. இந்தத் தடவை படிவத்துல முதல் பந்தி, பெரிய மேஜைன்னு போட்டேன். நீங்களும் அதையே போடுங்க. காரணம் சொல்றேன். நினைச்ச நேரத்துக்குப் போற ஏற்பாட்டுல தினமும் வேற மேஜை, வேற முகம், வேற பரிமாறுற ஆள். தினமும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பந்தி நேரம் குறிச்சுட்டா நாலு ராத்திரியும் அதே மேஜை, அதே ஆளுங்க. முதல் நாள் பேரைச் சொல்றோம். ரெண்டாம் நாள் "இன்னிக்கு எங்கே போனீங்க"ன்னு அவங்களே கேக்கறாங்க. மூணாம் நாள் நாம வர லேட்டானா தேடறாங்க. அந்தத் தேடறது இருக்கே, அதுக்காகத்தான் தங்கச்சி சொல்றேன்.

எங்க மேஜை எட்டுப் பேர் உட்கார்ற வட்ட மேஜை. ஈப்போவுல இருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதி, புனேயில இருந்து அக்கா தங்கச்சி ரெண்டு பேர், சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் அம்மா ஒருத்தர், நான். ரெண்டு நாற்காலி காலி. முதல் பத்து நிமிஷம் எல்லாருமே மெனு அட்டையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம். வெட்கம் எனக்கு மட்டும் இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. கடைசியில மாம்பழம்தான் காப்பாத்துச்சு. இனிப்புக்கு மாம்பழப் புட்டிங் வந்துச்சு, நான் ஒரு கரண்டி வாயில வெச்சுட்டு "இது கூழ்ல செஞ்சது"ன்னேன். எப்படித் தெரியும்னு அந்த பிலிப்பைன்ஸ் அம்மா கேட்டாங்க. எங்க தோப்புல பெங்களூரா ரகம் போட்டிருக்கோம், கிளிமூக்கு மாங்காய், அது கூழ் ஆலைக்குப் போகும், அல்போன்சா, செந்தூரா எல்லாம் மண்டிக்குப் போகும்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். வார்த்தை வராத இடத்துல ஈப்போக்காரர் எடுத்துக் குடுத்தார். அந்தம்மா உடனே அவங்க ஊர் கிமராஸ் தீவு மாம்பழத்தை விடவா உங்க மாம்பழம்னு சண்டைக்கு வந்துட்டாங்க. அவங்களும் புருஷனை இழந்தவங்கதான். அது மூணாம் நாள்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை. கடைசிப் பந்தியில ஓரமா உட்கார்றேன்னு எழுதியிருந்தீங்களே, அங்கே அந்தக் கணக்கே கிடையாது. யார் முதல்ல வந்தாலும் நாற்காலியை இழுத்துப் போடறாங்க, மடியில துண்டை விரிச்சு விடறாங்க.

பினாங்குல இறங்கினப்ப நாங்க நாலு பேர் சேர்ந்தே போனோம். கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் துறையில இருந்து நடந்தே ஜார்ஜ் டவுனுக்குப் போயிடலாம். குயின் ஸ்ட்ரீட்ல மாரியம்மன் கோயில் இருக்கு, 1833-ல கட்டினது. அங்கே கும்பிட்டுட்டு, பக்கத்து லிட்டில் இந்தியாவுல வாழை இலையில சாப்பிட்டோம். புனே அக்காவுக்கு ரசத்தை எப்படிச் சோத்துல பிசையறதுன்னு நான் சொல்லிக் குடுத்தேன். ஒத்தையாப் போயிருந்தா கப்பலை விட்டே இறங்கியிருக்க மாட்டேன்.

இங்கிலீஷுக்குப் பயப்படாதீங்க. 31 வருஷமா முன்னபின்ன தெரியாத வீட்டுக்குள்ள போய், மாசமா இருக்கிற பொண்ணுகிட்ட எத்தனையாவது மாசம், நல்லா சாப்பிடறியான்னு கேட்டவங்க நீங்க. "இன்னிக்கு எங்கே போனீங்க"ன்னு கேக்கறது அதை விட லேசு.

ஓசூர் முன்னாள் ஸ்டூவர்ட்:

அம்மா, நான் பத்து வருஷம் கப்பல் உணவுக்கூடத்துல பரிமாறினவன். உள்ளே எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

எந்த மேஜையில யாருங்கறதை முடிவு பண்றவர் உணவுக்கூடத்தோட தலைமை மேலாளர். கப்பல்ல அவரை மேட்ர டின்னு சொல்வாங்க. ஏறின அன்னிக்கு மத்தியானமே அவரைப் போய்ப் பாருங்க. "தனியா வந்திருக்கேன், பெரிய மேஜையில இடம் வேணும், தமிழோ இந்தியோ பேசறவங்க இருந்தா நல்லது"ன்னு சொல்லுங்க. இதைக் கேக்க எந்தத் தயக்கமும் வேண்டாம், அவரோட வேலையே அதுதான். முதல் ராத்திரி அந்த மேஜை சரிப்படலைன்னா மறுநாள் காலையில அவர்கிட்டயே போய் மாத்திக் கேளுங்க. இடம் இருந்தா மாத்தித் தருவார். பழைய மேஜைக்காரங்க தப்பா நினைக்க மாட்டாங்க, தினமும் யாராவது மாறிக்கிட்டேதான் இருப்பாங்க.

சாப்பாட்டு விஷயத்தையும் முதல் நாளே சொல்லிடுங்க. சனிக்கிழமை மட்டும் சைவம்னா அதையும் தெளிவாச் சொல்லணும். "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா சில ஊர்க்காரங்க மீனைக் கொண்டுவந்து வெச்சுடுவாங்க. கறி, மீன், முட்டை எதுவும் கூடாதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. சிங்கப்பூர் வழிக் கப்பல்கள்ல நம்ம ஆளுங்க நிறைய வர்றதால பருப்பு, சப்பாத்தி, காய்கறிக் குழம்பு கிடைக்கும். மறுநாள் என்ன வேணும்னு முந்தின ராத்திரியே சொல்லிட்டா சமையல்கட்டுல எடுத்து வெப்பாங்க.

முள்கரண்டி, கத்தி வரிசையைப் பார்த்துப் பயப்படாதீங்க. வெளிப்பக்கத்துல இருக்கறதை முதல்ல எடுத்து உள்பக்கம் வாங்க. பிரெட் தட்டு உங்க இடது பக்கம், தண்ணி கிளாஸ் வலது பக்கம். சப்பாத்தியைக் கையாலதான் சாப்பிடணும், நான் பரிமாறின மேஜைகள்ல யாரும் அதுக்கு முகம் சுளிச்சதில்லை. சேலை கட்டிக்கிட்டே போங்க. விருந்து ராத்திரின்னு ஒண்ணு வரும், அன்னிக்கு ஒரு பட்டுச் சேலை இருந்தா போதும்.

எங்க நெஞ்சுல குத்தியிருக்கிற பேர்ப் பட்டையில ஊரோ நாடோ இருக்கும். இந்தியான்னு பார்த்தா தாராளமா நம்ம பாஷையில பேசுங்க. ஆறு மாசம், எட்டு மாசம் வீட்டைப் பார்க்காத பசங்க. "சாப்டியாப்பா"ன்னு ஒரு அம்மா கேட்டா அன்னிக்கு முழுக்க அவனுக்கு வேலை லேசா ஓடும். என்கிட்ட அப்படிக் கேட்ட மதுரை அம்மா ஒருத்தரை இன்னிக்கும் மறக்கலை.

அரூர்ப் பொண்ணு:

மாந்தோப்பு அம்மா சொன்னதுல எனக்கு ஒரு விஷயத்துல ஒப்புதல் இல்லை. எனக்கு வாய்ச்ச பெரிய மேஜையில மூணு ஜோடி, அப்புறம் நான். ஜோடி ஜோடியா அவங்களுக்குள்ளேயே பேசிக்கிட்டாங்க. ரெண்டு ராத்திரி உப்புச்சப்பில்லாமப் போச்சு. மேட்ர டியைப் பார்க்கலாம்னு எனக்குத் தெரியாது. நான் தப்பிச்சது வேற வழியில. தினமும் ரூமுக்கு நிகழ்ச்சித் தாள் ஒண்ணு வரும், இல்லைன்னா கப்பல் ஆப்ல இருக்கும். அதுல தனியா வந்தவங்க சந்திப்புன்னு ஒண்ணு போட்டிருந்தாங்க. முதல் நாளே போயிடுங்க, ரெண்டாம் நாளுக்குள்ள கூட்டாளிங்க அமைஞ்சுடறாங்க. அங்கே பார்த்த மூணு பெண்களோட பிறகு நாங்களே ஒரு மேஜை கேட்டு வாங்கிக்கிட்டோம். கைவேலை வகுப்பு, வினாடி வினா மாதிரி இடமும் நல்லது. கை ஒரு வேலையில இருந்தா பேச்சு தானா வருது.

சில கப்பல்கள்ல ஒத்தை ஆளுக்குன்னே சின்ன ரூம் இருக்கு. நார்வீஜியன் எபிக் கப்பல் 2010-ல அப்படி 128 ரூமோட வந்துச்சு, அவங்க மட்டும் கூடி உட்கார ஒரு தனிக் கூடமும் வெச்சாங்க. மத்தபடி ரூம் கட்டணமே ரெண்டு பேர் கணக்குதான், ஒத்தையாப் போனாலும் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு கேக்கறாங்க. உங்க மகள் அதை ஏற்கனவே கட்டிட்டதால அந்த வலி உங்களுக்கு இல்லை.

ஒரு பெண்ணா இதையும் சொல்லணும்மா. எவ்வளவு நல்லாப் பழகினாலும் ரூம் நம்பரைச் சொல்லாதீங்க. சந்திக்கறது எல்லாம் பொது இடத்துலயே இருக்கட்டும். ஏறினதும் போனை விமானப் பயன்முறையில போட்டுடுங்க, நடுக்கடல்ல ரோமிங் கட்டணம் தாறுமாறா ஏறும்.

பாப்பாரப்பட்டி நர்சம்மா:

மூணு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடறேன். முதல் பந்தி, பெரிய மேஜைன்னு மகளை விட்டுப் போடச் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு. எந்த ஊருன்னு கேட்டா மாந்தோப்பு அக்காவுக்கு மாம்பழம் இருந்துச்சு. எனக்கு என்ன இருக்கு?

மாந்தோப்பு கிருஷ்ணகிரி:

என்ன தங்கச்சி இப்படிக் கேக்கறீங்க. வ.உ.சி.யோட தோள் சேர்ந்து நின்ன சுப்பிரமணிய சிவா 1925-ல கண்ணை மூடின ஊரு உங்க ஊரு. வெள்ளைக்காரனுக்கு எதிரா 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவரோட கூட்டாளி எங்க மண்ணுலதான் இருக்கார்னு கப்பல்ல உட்கார்ந்து சொல்லுங்க. அப்புறம் உங்க கையில பிறந்த குழந்தைங்க எத்தனைன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் அந்த மேஜையில யாரும் மெனு அட்டையைப் பார்க்க மாட்டாங்க.

இன்னொண்ணு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் தருமபுரிக்குப் போய் ஏதாவது ஒரு மெஸ்ல தனியா உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுங்க. துணைக்கு யாரும் வேண்டாம். சுவர்ப் பக்கம் திரும்பாதீங்க, வாசலைப் பார்த்து உட்காருங்க.

பாப்பாரப்பட்டி நர்சம்மா (எட்டு நாள் கழிச்சு):

நேத்து போனேன்ங்க. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு மெஸ். மத்தியானம் ஒண்ணே கால் மணி, நல்ல கூட்டம். வாசல்ல நின்னு ரெண்டு தடவை திரும்பிடலாமான்னு பார்த்தேன். உள்ளே போய் நடு மேஜையில வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். இலை போட்டாங்க. கை நடுங்குச்சு, தண்ணி தெளிக்கறப்ப பாதி மேஜையில கொட்டிடுச்சு.

சாம்பார் ஊத்தி முடிக்கறதுக்குள்ள எதிர் நாற்காலியில ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தா, இடுப்புல குழந்தை. பென்னாகரம் பக்கம். குழந்தைக்கு மூணு நாளா காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில காட்டிட்டு வர்றாளாம். அவ சாப்பிடற வரைக்கும் குழந்தையை நான் வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். தடுப்பூசி அட்டையை எடுன்னு கேட்டுப் பார்த்தா, ஒன்பதாம் மாச ஊசி விட்டுப் போயிருக்கு. காய்ச்சல் விட்டதும் வர்ற புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுடுன்னு சொல்லி அனுப்பினேன். அப்புறம் எனக்கு ரசம், மோர் ரெண்டும் கேட்டு வாங்கி, பாயசத்தை முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கேன்.

பட்டுச் சேலைக்கு இஸ்திரி போடக் குடுத்துட்டேன். 14-ஆம் தேதி கிளம்பறேன். ஓசூர் தம்பி, அந்தப் பேர்ப் பட்டையைப் பார்த்துக் கட்டாயம் கேக்கறேன்.