தாண்டிக்குடியில் காப்பிப் பூவுக்குக் காத்திருந்தோம்

காப்பித் தோட்டம் பூத்திருக்கும்போது ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. கொடைக்கானலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஆனால் அதே மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி, பாச்சலூர் என்று ஊருக்கு ஊர் காப்பியை நம்பிப் பிழைக்கும் கீழ்மலைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மார்ச் கடைசியில் பூக்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, வத்தலக்குண்டில் பேருந்து ஏறினோம். அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளைத் தாண்டி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறைக்கு ஏறும் அந்தப் பாதையில், நடத்துநர் ஒரு வளைவில் மருந்துப் பொட்டலத்தையும் இன்னொரு வளைவில் தையல் இயந்திரத்தின் பெல்ட்டையும் காத்திருந்தவர்களிடம் கொடுத்துக்கொண்டே வந்தார்.

தாண்டிக்குடியில் இறங்கிப் பார்த்தால் ஒரு பூகூட இல்லை. செடிகளின் கணுக்கள்தோறும் கிராம்பு அளவில் பச்சை மொக்குகள் கொத்துக்கொத்தாக உறங்கிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்குள் ஒரு பெரியவர் செடி செடியாகக் குனிந்து தண்டைத் தடவிக்கொண்டிருந்தார். தண்டு துளைப்பான் புகுந்த செடியில் பட்டை வளையம் வளையமாகப் புடைத்திருக்கும் என்றும், ஏப்ரலில் வண்டு வெளியேறுவதற்குள் அத்தகைய செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்றும் சொல்லி, என் விரலைப் பிடித்து ஒரு புடைப்பின் மேல் வைத்துக் காட்டினார். நிழல் குறைந்த இடத்தில்தான் வண்டு அதிகம் என்பதால், சில்வர் ஓக் மரங்களை விறகுக்காக வெட்டிவிட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம்.

"பூப் பாக்கவா வந்தீங்க தம்பி? மழை பேயாம பூவு எங்கிட்டு இருக்கும்? பேஞ்ச ஒம்போதாம் நாளு, பத்தாம் நாளு வாங்க. அதுக்கு மேல ரெண்டு நாளு தாங்கும், அம்புட்டுத்தான்" என்றார். ஓர் அங்குலம் மழையாவது வேண்டுமாம். வெறும் தூறலாக நின்றுவிட்டால் மொக்கு அரைகுறையாக விரிந்து வீணாகிவிடும். அவர் வீட்டில் கருப்பட்டி போட்ட வரக்காப்பி கொடுத்தார்கள். நல்ல கொட்டையெல்லாம் விற்பனைக்குப் போய்விட, கழித்ததை வறுத்துப் பொடித்த காப்பிதான் அது. ஆனாலும் நான் இரண்டாவது தம்ளர் கேட்டேன்.

ஏப்ரல் நடுவில் அவரே தொலைபேசியில் அழைத்து, முந்தைய இரவு நல்ல மழை என்றார். விடுப்பு கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டாம் நாள் ஆகிவிட்டது. அவர் தோட்டத்தில் பூவெல்லாம் பழுப்பேறித் தொங்கியது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தவர், பண்ணைக்காட்டுப் பக்கம் இரண்டு நாள் பிந்தித்தான் மழை பெய்தது என்று சொல்லி, தெரிந்தவரின் ஜீப்பில் எங்களை ஏற்றிவிட்டார். அங்கே சரிவு முழுவதும் வெள்ளை. ஒவ்வொரு கிளையும் நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம் போல இருந்தது, மணமும் ஏறத்தாழ அதுவேதான். தேனீக்களின் இரைச்சலில் நாங்கள் குரலை உயர்த்தித்தான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

* * *

மேலே எழுதியவருக்குப் பூ கிடைத்தது. எனக்குப் பழம் கிடைத்தது. டிசம்பரில் கே.சி.பட்டியில் தோழியின் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் சிவந்த பழத்தை மட்டும் தேர்ந்து பறிக்கிறார்கள். பச்சைக் காய் கலந்தால் மாலையில் எடை போடும் இடத்தில் பேச்சு வாங்க வேண்டும். பறித்த அன்றே பல்ப்பரில் இட்டுத் தோலை நீக்கி, கொட்டையைத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஒரு பகல் ஓர் இரவு கழிந்ததும் தோழியின் அம்மா ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார். முதல் நாள் வெண்டைக்காய்க் கூழ் போல வழுக்கிய கொட்டை, இப்போது கூழாங்கல் போல நறநறத்தது. அதுதான் கழுவுவதற்குப் பதம். ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து கடைசியில் ஒரு கிலோ கொட்டைதான் தேறும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இங்கேயும் மழைதான் ஆட்டிப்படைத்தது. மார்கழித் தூறல் வரும்போதெல்லாம் களத்தில் காயும் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் போட ஓடினோம். ஒரே நாளில் நான்கு முறை. நான்காம் முறை பொழுது சாய்ந்திருந்தது. களத்தின் ஓரத்தில், காப்பிச் செடிகளுக்கு மேலாக ஒரு கரிய முதுகு தெரிந்ததை நான் பாறை என்றே நினைத்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "காட்டுமாடு. ஓடாத தாயி, மொகத்தப் பாத்துக்கிட்டே பின்னால வா" என்றார். வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும்வரை அது அசைபோடுவதை நிறுத்தவேயில்லை. தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. நனைந்த கொட்டையை மறுநாள் தனியாகப் பிரித்துப் போட்டோம்.

வாழையும் பலாவும் உள்ள தோட்டங்களுக்கு யானையும் வரும். ஆகவே இருட்டிய பின் பக்கத்து வீட்டுக்குக்கூட நடக்காதீர்கள். வேறு தோட்டத்துக்குள் நுழைவதானால் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். படம் எடுக்கப் பூங்கிளையை ஒடிப்பவர்களைப் பற்றி அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். தங்குமிடம் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். ஊரில் அறைகள் மிகக் குறைவு. நாங்கள் முன்பணம் கட்டிய விடுதியில் போய்ச் சேர்ந்தபோது அறை வேறொருவருக்குப் போயிருந்தது, அன்றிரவு பெரியவர் வீட்டுத் திண்ணைதான் கைகொடுத்தது. கிளம்பும் காலையில் ஒருமுறை பேசி உறுதிசெய்துகொள்வது நல்லது.

இந்த ஆண்டு ஏப்ரல் பாதி கழிந்தும் பெரியவரிடமிருந்து அழைப்பு வராததால், நேற்று நானே பேசினேன். பெரும்பாறைக்குக் கீழே நன்றாகப் பெய்து, மேலே வெறும் இடியோடு நின்றுவிட்டதாம். கிணற்றில் இருக்கும் தண்ணீரைக் கொண்டு ஒரே ஓர் ஏக்கருக்கு மட்டும் மோட்டார் வைத்துத் தெளித்திருக்கிறார். அந்த ஓர் ஏக்கர் வருகிற வியாழக்கிழமை பூக்கும் என்கிறார். என் மனைவி இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள்.