கூண்டில் கேட்டது, தாளில் ஏறியது: விசாரணை நீதிமன்ற அனுபவங்கள்

சிவில் வழக்கறிஞர் ஒருவர்:

தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் கேள்வி-பதிலாகப் பதிவாவதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சாகிறது. "தாவா சொத்து என் அனுபவத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்ற நடை எல்லோருக்கும் பழக்கம்தான். மேல்முறையீட்டில் படிக்கப்படுவது இந்த வாக்கியம் மட்டுமே. நம் குரல் உயர்ந்ததோ சாட்சி விழித்ததோ அதில் இருக்காது.

அதனால் ஒரு கேள்வியில் ஒரு சங்கதிதான் இருக்க வேண்டும். "2010-ல் கிரயம் வாங்கி, பட்டாவும் மாற்றி, வீடும் கட்டினீர்கள், சரியா?" என்று கேட்டு சாட்சி "இல்லை" என்றால், அவர் எதை மறுத்தார்? வருஷத்தையா, பட்டாவையா, வீட்டையா? எதிர்த்தரப்பு தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளும். மூன்றாக உடைத்துக் கேட்டால் குறைந்தது இரண்டு ஒப்புதலாகக் கிடைக்கும்.

வரிசையும் முக்கியம். சாட்சியால் மறுக்க முடியாத ஆவணச் சங்கதிகளை முதலில் வாங்க வேண்டும். சஜஷன் (நம் தரப்புக் கதையைச் சாட்சி முன் வைத்து, அதுதான் உண்மை என்று கேட்பது) கடைசியில். எடுத்ததுமே "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் சாட்சி உஷாராகிவிடுவார், பிறகு எல்லாவற்றுக்கும் "ஞாபகமில்லை"தான்.

முக்கியமான இடத்தில் சாட்சி நழுவினால், அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதிய வேண்டும் என்று உடனே கேளுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 10 அதற்குத்தான். சாட்சி கையெழுத்துப் போட்டு இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

செஷன்ஸ் வழக்குகள் நடத்துபவர்:

சஜஷன் பற்றி இன்னொன்று. மறுக்கப்பட்ட சஜஷன் எதையும் நிரூபிக்காது, ஆனால் போட்டவரையே அது கட்டிப்போடலாம். 2023-ல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சம்பவ இடத்திலேயே இல்லை" என்பது நம் வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அ.சா.2-இடம் (அரசுத் தரப்பு இரண்டாவது சாட்சி) போய், "நீங்கள் அரிவாளோடு வந்ததால்தான் எதிரி தடுத்தார்" என்று போட்டால், நாமே எதிரியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். ஜூனியர் பாதி குறுக்கு, சீனியர் மீதி குறுக்கு என்று நடக்கும் வழக்குகளில் இந்த விபத்து சகஜம்.

அடுத்தது போலீஸ் வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 161, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 180. அதை முரண்பாடு காட்ட மட்டும் பயன்படுத்தலாம். முழு வாக்குமூலத்தையும் குறியீடு செய்ய (சான்றாவண எண் கொடுத்துப் பதிய) கேட்காதீர்கள். எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல் வரை என்று அந்தப் பகுதியை மட்டும் சாட்சிக்குக் காட்ட வேண்டும். "அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் மறுத்தால் வேலை பாதிதான் முடிந்தது. புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது அதே பகுதியை அவரிடம் கேட்டு நிரூபிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வாதத்தில் முரண்பாடு என்று முழங்கினால், 2015-ல் வி.கே. மிஸ்ரா வழக்கில் இதே முறையை வலியுறுத்தி உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசு வழக்கறிஞர் எடுத்து நீட்டுவார்.

விடுபடல், அதாவது போலீசில் சொல்லாததை நீதிமன்றத்தில் புதிதாகச் சொல்வது என்றால் வேறு வழி. சாட்சியிடம் "இதைப் போலீசில் சொன்னீர்களா?" என்று மட்டும் கேளுங்கள், "சொன்னேன்" என்பார். பிறகு அதிகாரியிடம் கேட்டு, "அ.சா.3 என் விசாரணையில் அவ்வாறு கூறவில்லை என்றால் சரிதான்" என்ற வரியைத் தாளில் ஏற்ற வேண்டும். சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வாக்குமூலம் பதிந்தவர் எஸ்.ஐ., இறுதி அறிக்கை போட்டவர் இன்ஸ்பெக்டர் என்றால், பதிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். அதிகாரி வருவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். சாட்சி சொன்னது, வாக்குமூலத்தில் பக்கமும் வரியும், அதிகாரி பதில் என்று மூன்று பத்தி போட்ட ஒரு தாள் வழக்குக் கட்டில் இருந்தால் எதுவும் தப்பாது.

ஆவண வழக்குகள் அதிகம் பார்ப்பவர்:

குறியீடு செய்யும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு வாதத்தில் எழுந்து நிற்பவர்கள் இன்னும் குறையவில்லை. இங்கிருந்தே போன வெங்கடாசல கவுண்டர் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஆவணமே சாட்சியத்தில் ஏற்கத்தகாதது என்றால் பிறகும் எதிர்க்கலாம். நகலைக் கொண்டு நிரூபித்தார்கள், முறை தவறு என்பது போன்ற ஆட்சேபணையை ஆவணம் நீட்டப்படும்போதே சொல்ல வேண்டும். சாட்சி சொல்வதை எழுத்தில் தரும் நிரூபண வாக்குமூலத்தோடு இருபது ஆவணங்கள் மொத்தமாக வரும் நாளில்தான் இது கைநழுவுகிறது. எந்த ஆவணத்துக்கு என்ன ஆட்சேபணை என்று தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். "எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை" என்பது ஆட்சேபணையே அல்ல.

முத்திரைத்தீர்வை ஆட்சேபணையை மட்டும் "பிறகு பார்க்கலாம்" என்று விடவே கூடாது. ஒருமுறை சாட்சியத்தில் ஏற்கப்பட்டுவிட்டால் முத்திரைச் சட்டம் பிரிவு 36 கதவைச் சாத்திவிடும். கூர்ச்சீட்டு (குடும்பச் சொத்துப் பாகம் பற்றி எழுதிய தாள்) வழக்குகளில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஏற்கெனவே முடிந்த பாகத்தை ஞாபகத்துக்கு எழுதி வைத்த தாளா, அந்தத் தாளினாலேயே பாகம் பிரிந்ததா? இரண்டாவது என்றால் பதிவு வேண்டும். இதற்கான பதிலை வா.சா.1-இன் (வாதி தரப்பு முதல் சாட்சி) வாயிலிருந்தே, எழுதிய தேதியையும் பிரித்த தேதியையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். இரண்டும் வேறு என்று அவர் சொல்லிவிட்டால் கூர்ச்சீட்டு அவருக்கு உதவும் என்பதையும் யோசித்துக்கொண்டு கேளுங்கள்.

மின்னணுச் சான்று பற்றி ஒருவர்:

1.7.2024 முதல் மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63. சான்றிதழ் இப்போது இரண்டு பாகம்: பாகம் 'அ' கருவியைக் கையாள்பவர் தருவது, பாகம் 'ஆ' நிபுணர் தருவது. கருவியின் மாடல், வரிசை எண், ஐஎம்இஐ, ஹேஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எல்லாம் படிவத்திலேயே கேட்கப்படுகின்றன. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் வாசகத்தைத் தேதி மாற்றி அடித்துத் தாக்கல் செய்வது இன்னும் நடக்கிறது.

ஹேஷ் எடுப்பதில் நடக்கும் தவறு இது. கட்சிக்காரர் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அலுவலகத்தில் அதைப் பென் டிரைவில் ஏற்றி ஹேஷ் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், அதனால் போனில் இருக்கும் மூலக் கோப்பின் ஹேஷ் வேறாகத்தான் வரும். கேபிள் போட்டு நேரே பிரதி எடுங்கள், போனில் இருப்பதற்கும் பிரதிக்கும் ஹேஷ் ஒன்றா என்று அங்கேயே சரிபாருங்கள். கோப்பின் பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினாலும் மாறும். சிசிடிவி என்றால் டிவிஆர் (பதிவுக் கருவி) காட்டும் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்பதைப் பிரதி எடுக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

முதலில் எழுதியவர்:

உயில் வழக்குக்கும் ஒரு வரி. சான்றொப்பமிட்ட சாட்சி வந்து "இது என் கையெழுத்து" என்றால் போதாது. உயில் எழுதியவர் கையெழுத்திட்டதைத் தான் பார்த்ததாகவும், அவர் முன்னிலையில் தான் கையெழுத்திட்டதாகவும், இன்னொரு சாட்சியும் அப்படியே செய்ததாகவும் முதல் விசாரணையிலேயே (சாட்சியை அழைத்த தரப்பு கேட்பதில்) வர வேண்டும். உயிலை எதிர்க்கும் தரப்பில் நாம் இருந்து, இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், அந்த இடைவெளியைக் குறுக்கு விசாரணையில் தொடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டு, விட்டுப்போனதைச் சாட்சி நிரப்ப நாமே வழி செய்துகொடுத்த வழக்குகள் நிறைய.