ப்ளூஸ் பாட்டுகளை வைத்து ஒரு மேடை நிகழ்ச்சி: சென்னையில் எடுபடுமா?

எழும்பூர் மாலை:

வணக்கம் மக்களே. நாங்கள் ஒரு சின்ன அமெச்சூர் நாடகக் குழு. பெரும்பாலும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவர்கள், சனி ஞாயிறுதான் ஒத்திகை. வழக்கமான காமெடி நாடகம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, அதனால் இந்த முறை அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் கஷ்டத்தைப் பாடிய பழைய ப்ளூஸ் பாட்டுகளையும் அதைப் பாடியவர்களையும் வைத்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு. பெரிதாகக் கதை இல்லை. பாட்டு, நடுநடுவே தமிழில் கொஞ்சம் பேச்சு, பின்னால் நேரடி வாத்தியம், அவ்வளவுதான்.

பாடுவதற்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவர், இன்னொருவர் மெல்லிசைக் குழுவில் கல்யாணக் கச்சேரி பாடுகிறவர், நல்ல கனமான குரல். கிடார், கீபோர்டு, டிரம்ஸுக்கும் ஆள் இருக்கிறது. பாட்டுப் பட்டியல்தான் அனுமார் வாலாக நீள்கிறது. பெஸ்ஸி ஸ்மித், ராபர்ட் ஜான்சன், மட்டி வாட்டர்ஸ், பி.பி. கிங், எட்டா ஜேம்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், யாரையும் விட மனசு வரவில்லை. இத்தனை பேரையும் எதை வைத்துக் கோப்பது? கர்நாடகக் குரலில் ப்ளூஸ் நிற்குமா, இல்லை கேலிக்கூத்தாகிவிடுமா? ஹால், உரிமை விஷயம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

நாடகப்பித்து:

முதலில் பட்டியலில் கத்தரி போடுங்கள். பெஸ்ஸியிலிருந்து எட்டா ஜேம்ஸ் வரை என்றால் அரை நூற்றாண்டு, ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டும் இரண்டு வரி அறிமுகமும்தான் மிஞ்சும், கடைசியில் பள்ளி ஆண்டு விழா மாதிரி ஆகிவிடும். நியூயார்க் பிராட்வே நாடக மேடையில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வந்த 'இட் எய்ன்ட் நத்திங் பட் தி ப்ளூஸ்' ஆப்பிரிக்காவில் தொடங்கி சிகாகோ வரை முழு வரலாற்றையும் பாட்டாகவே சொன்னது. அதற்கு முன் 1982-இல் ஷெல்டன் எப்ஸ் உருவாக்கிய 'ப்ளூஸ் இன் தி நைட்' வந்தது. 1938-ஆம் வருடம், சிகாகோவில் ஒரு மலிவான ஹோட்டல், மூன்று பெண்கள், ஒரு ஆண். வசனம் பெயருக்குத்தான், பாட்டிலேயே அவர்கள் வாழ்க்கை தெரிந்துவிடும். முதல் வகைக்குப் பெரிய குழுவும் பணமும் வேண்டும். உங்கள் கையில் இரண்டு பெண் குரல்கள் இருக்கும்போது அதற்கு ஏன் போக வேண்டும்?

1920-களில் பாடிய பெண்களை மட்டும் எடுங்கள். ராபர்ட் ஜான்சன் ரசிகர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவர் பாடும் கலையே வேறு, ஒற்றை ஆள், ஒற்றை கிடார். மேடை, உடை, ஆட்டம், பின்னால் பேண்டு என்று கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள் இந்தப் பெண்கள்தான். கறுப்பினப் பெண் பாடிய ப்ளூஸை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெரி பிராட்ஃபோர்டு என்ற பாடலாசிரியர் ஓகே ரெக்கார்ட்ஸை விடாமல் நச்சரித்து, 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித்தைப் பாட வைத்தார். இசைத்தட்டு விற்றுப் பறந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற கம்பெனிகள் விழுந்தடித்துக்கொண்டு வந்தன, 1923-இல் பெஸ்ஸி கொலம்பியாவிலும் மா ரெய்னி பாராமவுன்டிலும் பதிவு செய்தார்கள்.

உங்களுக்கு நாடகமே வேண்டுமென்றால் மா ரெய்னி மேடைக்கு வந்த விதத்தைப் பாருங்கள். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு கிராமபோன் பெட்டி நிற்கும். ஒரு பெண் வந்து தட்டை வைத்து ஊசியை இறக்குவாள், உள்ளிருந்து பாட்டு வரும், கூட்டம் இசைத்தட்டுதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பெட்டிக் கதவு திறந்து அம்மணியே பாடிக்கொண்டு வெளியே வருவார், கழுத்தில் தங்கக் காசு மாலை மின்ன. அப்போது அவருடைய பேண்டை நடத்தியவர் தாமஸ் டோர்சி, பின்னாளில் காஸ்பல் என்கிற கறுப்பினக் கிறிஸ்தவப் பக்தி இசைக்கே தந்தை என்று பெயர் வாங்கியவர். பிளைவுட்டில் அந்தப் பெட்டியைச் செய்துவிட்டால் உங்கள் முதல் காட்சி தயார்.

எழுதுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. பெஸ்ஸி 1937-இல் கார் விபத்தில் இறந்ததைப் பற்றிச் சொல்லும்போது, வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்ற கதையை வைத்துவிடாதீர்கள். கேட்க உருக்கமாக இருக்கும், பலர் இன்னும் நம்புகிறார்கள், ஆனால் கிறிஸ் ஆல்பர்ட்சன் 1972-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது உடைந்துவிட்டது. அவரை நேராக கிளார்க்ஸ்டேலில் கறுப்பின மக்களுக்கான ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அநியாயத்தைக் காட்ட இட்டுக்கட்டிய கதை தேவையில்லை, அமெரிக்கத் தெற்கில் ஊர் ஊராகப் போகும்போது கறுப்பினத்தவருக்குத் தங்க இடம் கிடைக்காத நிலை இருந்ததால்தான் அவர் தன் குழுவுக்கென்று சொந்தமாக ரயில் பெட்டியே வாங்கினார். அவ்வளவு சம்பாதித்தவரின் சமாதியில் 1970 வரை பெயர்ப் பலகை கிடையாது. ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாக பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஹுவனிட்டா கிரீனும் சேர்ந்து பணம் போட்டுத்தான் கல் வைத்தார்கள்.

நாலு தந்தி:

பேஸ் கிடார் வாசிக்கிறவன், குரல் கேள்விக்கு மட்டும் பதில். கர்நாடகம் கற்ற பெண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம், வெஸ்டர்ன் கற்றவர்கள் திணறுகிற இடத்தில் அவருக்குக் காது ஏற்கெனவே திறந்திருக்கும். ப்ளூஸில் அந்த மூன்றாவது ஸ்வரம் தாழ்ந்த சாதாரண காந்தாரத்திலும் நிற்காது, உயர்ந்த அந்தர காந்தாரத்திலும் நிற்காது, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தொங்கும், கீழிருந்து மெல்ல ஏறி வரும். கீபோர்டில் அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. நிஷாதம் பெரும்பாலும் கைசிகி. தாளமும் பழகியதுதான். ஷஃபிள் என்ற ப்ளூஸ் தாள நடை, திஸ்ர நடையில் நடு எழுத்தை முழுங்கிவிடுவது. ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்றை 12 பார் என்று சொல்வார்கள், அது 48 அட்சரம், ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம். ஒரு வரிக்கு இரண்டு ஆவர்த்தனம், அதில் முதல் ஆவர்த்தனத்தில் குரல், அடுத்ததில் வாத்தியம் பதில் சொல்லும். முதல் வரியையே திரும்பப் பாடிவிட்டு மூன்றாவதில் முடிச்சு அவிழும்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். கிடைத்த இடத்திலெல்லாம் பிருகா போடாமல் இருக்க வேண்டும். பெஸ்ஸி ஸ்மித்தின் பழைய தட்டுகளைக் கேட்டால் தெரியும், மொத்தம் நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே நின்றுகொண்டு ஒரு சொல்லை எங்கே தள்ளிப் போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் எல்லாவற்றையும் செய்கிறார். வாத்தியம் பதில் சொல்லும் அந்த ஆவர்த்தனத்தில் பாடகி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், பழகினவர்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' போடுவதாக இருந்தால் டிரம்மரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நடுவில் மைனர் ஸ்கேலுக்குப் போய் தாளம் ஹபனேரா என்ற கியூபா ஆட்ட நடைக்கு மாறும், ஷஃபிளையே பிடித்துக்கொண்டிருந்தால் பாட்டு செத்துவிடும்.

ஹாலைப் பொறுத்தவரை எழும்பூர் மியூசியம் தியேட்டரைக் கேட்டுப் பாருங்கள். அரை வட்டமாகப் படி படியாக இறங்கும் இருக்கைகள், மேடை கீழே, குரல் நன்றாக ஏறும். இந்த ஊரில் வேறொரு பெரிய ஹாலில் நாங்கள் வாசித்தபோது சவுண்டுக்காரர் டிரம்ஸை ஏற்றிவிட்டதில் பாடகி வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. பெஸ்ஸி மைக் இல்லாமலே தியேட்டரை நிரப்பியவர், நீங்களும் ஒரு பாட்டையாவது மைக்கை அணைத்துவிட்டுப் பாட வையுங்கள். மார்கழியில் மட்டும் தேதி பார்க்காதீர்கள், ஆடியன்ஸ் மொத்தமும் சபா கேன்டீனில் இருக்கும்.

காசிமேடு காற்று:

எல்லாம் சரி, ஆனால் சென்னையில் போடுகிற நிகழ்ச்சியில் சென்னை எங்கே? சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானா இங்கேயே இருக்கிறது, கஷ்டப்பட்டவன் தன் கஷ்டத்தைத் தானே நக்கலடித்துப் பாடுவதுதானே இரண்டும். நடுவில் இரண்டு கானா வைத்தால் ஜனங்களுக்கும் ஒட்டும்.

நாடகப்பித்து:

நண்பரே, கானா மேல் எனக்கும் உயிர். ஆனால் இந்த மாதிரி நிகழ்ச்சியில் நடுவில் செருகினால் கானா ஊறுகாய் ஆகிவிடும். அதற்குத் தனி மேடை, தனி மாலை வேண்டும், கானா பாடுகிறவர்களே நடத்த வேண்டும். உள்ளூர்ச் சரடு வேண்டுமென்றால் பேச்சுப் பகுதியில் கே.பி. சுந்தராம்பாளைக் கொண்டுவரலாம். கிட்டத்தட்ட அதே காலம். இங்கேயும் ஸ்பெஷல் நாடகம் என்று ஊர் ஊராக மேடை, மைக் இல்லாத தொண்டை, கிராமபோன் தட்டால் பரவிய பெயர். 1933-இல் கணவர் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைப் புடவைக்கு மாறிய அவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு அப்படியே மா ரெய்னிக்குப் போனால், ப்ளூஸ் பேரையே கேட்காத மாமிகூட நிமிர்ந்து உட்காருவார்.

எழும்பூர் மாலை:

எல்லோருக்கும் நன்றி. கிராமபோன் பெட்டி காட்சியைக் குழுவில் சொன்னதும் ஒரே ஆரவாரம், 1920-கள் மட்டும் என்பதற்கும் பாதிப் பேர் சம்மதித்துவிட்டார்கள். ஒரு சந்தேகம், பாடகிகளுக்கு முகத்தில் கறுப்பு மேக்கப் போட்டால் அசலாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். என்ன நினைக்கிறீர்கள்?

நாலு தந்தி:

வேண்டவே வேண்டாம். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளியாக்கி ஆடிய மின்ஸ்ட்ரெல் நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன. இந்தப் பாட்டுகளை மேடையேற்றும்போது அதையே செய்வதைப் போல அசிங்கம் கிடையாது. நம் சினிமாவில் சிவந்த நடிகைக்கு மை பூசிச் சேரிப் பெண் என்று காட்டுவார்களே, அந்தப் பழக்கம்தான் இப்படிப் பேச வைக்கிறது. தலையில் மணிகள் வைத்த பட்டை, இறகு, பளபள கவுன் போதும். அவரவர் முகத்தோடு பாடட்டும்.

கோர்ட்டு வாசல்:

உரிமை பற்றிச் சுருக்கமாக. இந்தியச் சட்டத்தில் பாட்டு, இசை இரண்டுக்கும் ஆசிரியர் இறந்து 60 வருடம். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' எழுதிய டபிள்யூ.சி. ஹேண்டி 1958-இல் காலமானார், அதனால் அது தொல்லை இல்லை. பெஸ்ஸியின் முதல் வெற்றிப் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஆல்பர்ட்டா ஹன்டர் 1984 வரை இருந்தவர், இப்படிப்பட்டவற்றைப் பாட்டு உரிமைகளைக் கவனிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் கேட்காமல் தொடாதீர்கள். பழைய ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்திலிருந்து 60 வருடக் கணக்கு, ஆக பாட்டின் உரிமையும் முடிந்திருந்தால் கிராமபோன் காட்சியில் 1920-களின் அசல் தட்டையே ஓட விடலாம். மேலே சொன்ன பிராட்வே நிகழ்ச்சிகளின் ஸ்கிரிப்டையோ இசையமைப்பையோ எடுத்தால் அதற்குத் தனி லைசென்ஸ், யூடியூபில் இருப்பதாலேயே இலவசம் ஆகிவிடாது.

எழும்பூர் மாலை:

அருமை. கடைசியாக ஒன்று, பாடகிக்குப் பதில் சொல்ல ஒரு ட்ரம்பெட் இருந்தால் நன்றாக இருக்கும், எங்களிடம் ஆள் இல்லை. கீபோர்டில் அந்தச் சத்தம் வைத்தால் ஒப்பேறுமா?

நாலு தந்தி:

ஒப்பேறாது. 1925-இல் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாட்டைப் பெஸ்ஸி பதிவு செய்தபோது, ட்ரம்பெட் மாதிரியே இருக்கும் கார்னெட்டில் பதில் சொன்னது லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், அதற்குக் கீபோர்டா? பெரம்பூர், வேப்பேரி பக்கம் சர்ச் குழுக்களில் விசாரியுங்கள், கல்யாண ஊர்வல பேண்டு செட்டிலும் நல்ல ட்ரம்பெட்காரர்கள் இருக்கிறார்கள், ஸ்வரம் எழுதிக் கொடுக்காமல் பாட்டைக் கேட்க வைத்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். வா-வா என்று பேசுகிற மாதிரி சத்தம் வர, அடைத்துக்கொண்ட சிங்க்கைக் குத்துகிற ரப்பர் கப்பைக் கைப்பிடி கழற்றிவிட்டு ட்ரம்பெட்டின் விரிந்த முனையில் வைத்து மூடித் திறக்க வேண்டும், அந்தக் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். தயவுசெய்து புதுசாக வாங்குங்கள்.