மறு: ஆக்சிஜன் அனலைசருக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமை அச்சு

தூத்துக்குடியிலிருந்து:
வணக்கம். நைட்ராக்ஸ் (நீரில் மூழ்குவோருக்கான, ஆக்சிஜன் கூட்டிய காற்று) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிலிண்டரில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் கருவியை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றி அதில் நான்கு பக்கம். இப்போதைக்கு "உயிர்வளிப் பகுப்பாய்வி" என்று போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்தவர்கள் தடுமாறுகிறார்கள். கருவி எளியதுதான்: ஒரு கால்வனிக் ஆக்சிஜன் செல், அதைப் பொருத்த T வடிவப் பிளாஸ்டிக் இணைப்பு, குழாய், 200 மில்லிவோல்ட் அளவுள்ள மல்டிமீட்டர். செல்லுக்குள் ஈயமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் உண்டு. ஆக்சிஜன் பட்டதும் தானே மின்னழுத்தம் தரும். காற்றில் 10.4, கலவையில் 15.9 மில்லிவோல்ட் வந்தால், 15.9-ஐ 10.4-ஆல் வகுத்து, காற்றின் ஆக்சிஜன் விழுக்காடான 20.9-ஆல் பெருக்குங்கள்: 32 விழுக்காடு.

மதுரையிலிருந்து:
தம்பி, இக்கருவி எதையும் பகுக்கவில்லையே. அளக்கிறது, அவ்வளவுதான். "உயிர்வளிமானி" என்க. வெப்பமானி இருக்கும்போது தயக்கம் எதற்கு? மானியை வடசொல் என்று தள்ளுவோருக்கு ஒன்று: நம் கீழ்வாய் எண்ணில் மா என்பது இருபதில் ஒன்று. நாலுமா ஐந்தில் ஒன்று. காற்றில் ஆக்சிஜனும் ஏறத்தாழ நாலுமாதான். அளவைக் குறிக்கும் அந்த மாவிலிருந்தே மானி பிறந்தது என்பது என் துணிபு. கலவைக்கும் பழஞ்சொல் உண்டு. ஐம்பூதமும் "கலந்த மயக்கம்" உலகம் என்கிறது தொல்காப்பிய மரபியல். நைட்ராக்ஸை "மயக்கவளி" எனலாம்.

திருகோணமலையிலிருந்து:
ஐயா, மயக்கவளி வேண்டவே வேண்டாம். ஆழத்தில நைட்ரசன் தலைக்கேறுவதைத்தான் சுழியோடிகள் மயக்கம் எண்டு சொல்லுறவை. "உயிர்வளி"யும் எனக்குச் சரியாப் படேல்ல. 32 விழுக்காட்டுக் கலவையோட 40 மீற்றருக்குப் போனால் ஒட்சிசனின்ர பகுதியமுக்கம், அதாவது மொத்த அமுக்கத்தில ஒட்சிசனின்ர பங்கு, 1.6 பார். வலிப்பு வரலாம். நீருக்கடியில வலிப்பு வந்தால் வாயில இருக்கிறது கழண்டு, ஆள் மூழ்கும். 1.4 பார்தான் எல்லை எண்டு வைச்சால் 33 மீற்றரோட நிக்க வேணும். "உயிர்" எண்ட சொல், கூடக் கூட நல்லம் எண்டு நம்பவைக்கும். எங்கட பாடநூலில ஒட்சிசன், அங்க ஆக்சிஜன். எதுவெண்டாலும் போடுங்கோ.

கோவையிலிருந்து:
செல் உணர்வது விழுக்காட்டை அல்ல, பகுதியழுத்தத்தை (திருகோணமலையார் சொன்ன பகுதியமுக்கம்). குழாயின் வெளிவாயை விரலால் அடைத்துப் பாருங்கள், மில்லிவோல்ட் ஏறும். ஆகவே "பகுதியழுத்தமானி" என்பதே பொருந்தும். சொல் எதுவானாலும் நான்கு குறிப்புகளைச் சேருங்கள். வாயு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டருக்கு மேல் ஓடக்கூடாது. வெளிவாய் திறந்தே இருக்கட்டும். கடற்கரைக் காற்றை வைத்துக் கருவியின் அளவை 20.9 என்று திருத்தாதீர்கள். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் உண்மையில் இருப்பது 20.2தான், உலர்ந்த 32 கலவை 33 என்று காட்டும். அப்படி நம்பினால் நைட்ரஜனைக் குறைத்துக் கணக்கிட்டுவிடுவோம். உலர்ந்த சாதாரணக் காற்று அடைத்த சிலிண்டரிலிருந்தே திருத்துங்கள். நான்காவது, பாட் (திருகி மாற்றும் மின்தடை) ஒன்றைச் சேர்த்துத் திருகினால் மீட்டரில் நேரடியாக 20.9 வரும் என்று சிலர் முயல்கிறார்கள். பாட் மின்னழுத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. 10.4 ஒருநாளும் 20.9 ஆகாது.

தூத்துக்குடியிலிருந்து:
நன்றி ஐயா, நான்கும் சேர்ந்தாயிற்று. பகுதியழுத்தமானி என்றால் வகுப்பில் அதை விளக்கவே அரை நாள் போய்விடும். "ஆக்சிஜன் அளவி"?

மதுரையிலிருந்து:
"அளவி" தனியே நின்றால் வினையெச்சமாகவும் படும்: அளவி என்ன செய்தான் என்று கேட்கத் தோன்றும்.

திருகோணமலையிலிருந்து:
பெயருக்குப் பின்னால வந்தால் ஒருத்தரும் அப்பிடி வாசிக்கமாட்டினம். அளவிக்கு என்ர வாக்கு. சுழியோடிதான் அதைக் கையில பிடிச்சு வாசிக்கப் போறவர். அவருக்கு விளங்கினால் போதும்.

கோவையிலிருந்து:
அளவிக்கு உடன்படுகிறேன். அடிக்குறிப்பில் பகுதியழுத்தம் பற்றி ஒரு வரி வேண்டும். செல்லின் மீது மாட்டிய தேதியை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உபயோகிக்காமல் வைத்தாலும் ஈயம் தேயும். காற்றில் 10.4 தரும் செல் தூய ஆக்சிஜனில் 49.8 தர வேண்டும். 40-லேயே நின்றுவிட்டால், காற்றில் எவ்வளவு சரியாகக் காட்டினாலும் அந்தச் செல்லை நம்பக்கூடாது.

தூத்துக்குடியிலிருந்து:
மூவர் அளவி. அப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன். இலங்கைப் படியில் ஒட்சிசன் அளவி.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்க. ஆபத்து ஆழத்தில் இருக்கிறது, சொல்லில் இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் உயிர்வளிமானியை மீண்டும் எடுப்பேன்.